அறுபத்தோராம் நாள்

தலைமை நாற்காலி கிடைத்து ஐந்து மாதமாகியும் பவுலினால் அதில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. நாற்காலியில் குறை ஒன்றும் கிடையாது. நல்ல தேக்கு. குறையெல்லாம் அதற்கு எதிரே, ஜன்னலோரம், கால் ஆடும் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சங்கமித்ராவிடம்தான்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது அந்தச் சட்ட உதவி மையம். வக்கீல் வைக்க வழியில்லாமல் ஜெயிலில் கிடப்பவர்களுக்காக ஓர் அறக்கட்டளை அதை நடத்தியது. ஐந்து வக்கீல்கள், ஒரு டைப்பிஸ்ட், எல்லோருக்கும் மேலே ஒரு தலைமை வக்கீல். பல வருடம் தலைமையில் இருந்த சேஷகிரி சார் 98 தீபாவளியோடு ஓய்வு பெற்றார். பதினான்கு வருடம் அங்கேயே உழைத்த பவுலின் அருள்தாஸை அறக்கட்டளைக்காரர்கள் தலைமை ஆக்கினார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவள் வீட்டில் கேக் வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நாலு பேர் கை குலுக்கினார்கள்.

எல்லாம் சரி. ஆனால் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நிற்கிறவர்கள் ஒருவராவது அவளைக் கேட்க வேண்டுமே.

"மித்ரா மேடம் இருக்காங்களா?"

தமிழில் கேட்டார்கள், கன்னடத்தில் கேட்டார்கள், சிவாஜிநகர் உருதுவில் கேட்டார்கள். எந்தப் பாஷையில் கேட்டாலும் பெயர் மட்டும் அதேதான். வாசலுக்கு நேர் எதிரே பெரிய மேஜை போட்டுப் பெயர்ப்பலகையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளை அவர்கள் ஏதோ தூணைச் சுற்றிக்கொண்டு போவது மாதிரிச் சுற்றிப் போனார்கள்.

சங்கமித்ராவுக்கு முப்பத்துநாலு வயது. மர்ஃபி டவுன் பக்கத்துத் தமிழ்ப் பெண். அப்பா ரயில்வேயில் கடைநிலைக் கலாசி. புத்தரையும் அம்பேத்கரையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்த வீடு. ஆள் ஒன்றும் பெரிய அழகியில்லை, குரலும் கொஞ்சம் கரகரப்பு. அவளிடம் என்னதான் இருக்கிறது என்று பவுலின் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். விடை கிடைக்காதபோது, இவளுக்கு நடிப்பு நன்றாக வருகிறது என்று முடிவு கட்டிக்கொள்வாள். அது அன்றைக்குப் போதும். மறுநாள் காலையில் திரும்பவும் வயிறு எரிய ஆரம்பிக்கும்.

தலைமை வக்கீலின் வேலை லேசானது இல்லை. திங்கட்கிழமை கேஸ்களைப் பங்கிட வேண்டும். ஒவ்வொருவர் எழுதும் மனுவையும் படித்துத் திருத்த வேண்டும். கோர்ட்டில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, நம் ஆட்கள் எப்படி வாதாடுகிறார்கள் என்று பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். பவுலின் எதிலும் குறை வைக்கவில்லை. சிவப்புப் பேனாவும் கையுமாக ராத்தூக்கம் கெட்டு உழைத்தாள். ஆனால் ஜனவரியில் ஒரு நாள், சின்ன வக்கீல் ரவிக்குமார் கொண்டுவந்து வைத்த மனுவை அவள் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது, அழித்த பென்சில் கோடுகள் தெரிந்தன. ஓரத்தில் எழுதி அழித்திருந்த கையெழுத்து யாருடையது என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

"இத முன்னாடியே யார்கிட்ட காமிச்ச?"

ரவிக்குமார் வாசல் பக்கம் பார்த்தான். "மித்ராக்கா சும்மா ஒரு தடவ பாத்தாங்க மேடம். உங்க டைம் வேஸ்ட் ஆகக் கூடாதுன்னுதான்."

தன்னிடம் வரும் மனுக்களில் ஏன் ஒரு பிழையும் இருப்பதில்லை என்று அன்றைக்குத்தான் பவுலினுக்குப் புரிந்தது. மூன்று மாதமாகத் தன் பயிற்சியினால்தான் பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்று அவள் அறக்கட்டளைக்கு அறிக்கை வேறு அனுப்பியிருந்தாள். காது இரண்டும் சுட்டது. தன்னை மேடம் என்கிறவன் அவளை அக்கா என்கிறான். நான் மேடம், அவள் அக்காவா? அன்று மத்தியானம் பவுலின் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

இதெல்லாம் புகைந்துகொண்டிருந்தபோதுதான் முத்தம்மாவின் கேஸ் வந்தது.

முத்தம்மா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பீன்யாவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை. பொங்கல் முடிந்த மறுவாரம், கேன்டீன் வெங்காய மூட்டைக்குள் தாமிரக் கம்பிச் சுருள் இரண்டு கிடைத்தது என்று போலீஸ் அவளைப் பிடித்துக்கொண்டு போனது. மூட்டையை அவிழ்ப்பது அவள் வேலை, கட்டுவது வேறு யாரோ. அதைக் கேட்க ஆள் இல்லை. புருஷன் இல்லை. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஒற்றை அறையில் தனியாக, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரன் வேறு காலி பண்ணு, காலி பண்ணு என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். முத்தம்மாவுக்குச் சொந்த முகவரி இல்லை, வெளியே விட்டால் ஊருக்கு ஓடிப்போவாள் என்று இரண்டு முறை ஜாமீன் மறுக்கப்பட்டது. இரண்டு முறையும் வாதாடியது மித்ரா.

மிச்சம் இருந்தது ஒரே வழி. இந்த மாதிரிக் கேஸில் அறுபது நாளைக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை கொடுக்காவிட்டால், அறுபத்தோராம் நாள் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. மாஜிஸ்ட்ரேட் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை. நம் மனு முதலில் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் குற்றப்பத்திரிகை உள்ளே போய்விட்டால் உரிமையும் போச்சு, எல்லாமும் போச்சு. அதனால் அந்த அலுவலகத்தில் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. கைதியின் பெயர், பக்கத்தில் அறுபத்தோராம் நாளின் தேதி. அன்று காலை கோர்ட் கவுன்ட்டர் திறக்கும்போது மையத்தின் ஆள் மனுவோடு வாசலில் நிற்க வேண்டும். சேஷகிரி சார் இந்த மனுக்களில் மட்டும் முந்தின நாள் சாயங்காலமே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்.

பவுலின் தலைமைக்கு வந்ததும் அதை நிறுத்தினாள். "படிக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் கையெழுத்து இல்லாம ஒரு பேப்பர் வெளிய போகக் கூடாது." சட்டம் பேசினால் எல்லாமே நியாயம் மாதிரிதான் இருக்கும்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பவுலினும் மித்ராவும் பரப்பன அக்ரஹாரா ஜெயிலுக்குக் கைதிகளைப் பார்க்கப் போனார்கள். மித்ராவைக் கண்டதும் முத்தம்மா கம்பிக்குள் விரலை விட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, எளைச்சிட்டியே. சாப்புட்றியா இல்லியா?"

ஜெயிலுக்குள் இருக்கிறவள் வெளியே இருக்கிறவளைப் பார்த்துக் கேட்கிறாள். மித்ரா சிரித்தாள். பெண் நன்றாகப் படிக்கிறாள், கூட வேலை பார்க்கும் கோவிந்தப்பா ஜாமீன்தாரராக நிற்க ஒத்துக்கொண்டார், அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது, வரி ரசீதோடு வருகிறார், வியாழக்கிழமை சாயங்காலம் நீ வீட்டில் இருப்பாய் என்று வரிசையாகச் சொன்னாள். முத்தம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில்தான் பக்கத்தில் நிற்கிறவளைக் கவனித்தாள்.

"இவங்க யாரு பாப்பா?"

"இவங்கதான் எங்க தலைவி. பவுலின் மேடம்."

"கும்பிட்றேங்க மேடம்" என்று முத்தம்மா ஒரு கும்பிடு போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பவும் மித்ராவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மித்ரா ஏதேதோ பேசினாள். பவுலின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் யாரென்றா கேட்டாள்? பதினான்கு வருடத்தில் எத்தனை பேரை வெளியே கொண்டுவந்திருப்பேன்? ஒருத்தியாவது என் விரலைப் பிடித்தாளா? கணக்குப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பஸ் மடிவாளா தாண்டுவதற்குள் பார்த்து முடித்துவிட்டாள். ஒருத்தியும் இல்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் எல்லோருக்கும் கேஸ் பங்கிட்ட பிறகு பவுலின் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"முத்தம்மா ஃபைலை என்கிட்ட குடு மித்ரா. அத நானே பாக்கறேன்."

ரவிக்குமார் மேஜையைப் பார்த்தான். மித்ரா எழுந்து போய் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"சரி மேடம். வியாழக்கிழமை அறுபத்தொண்ணு. மனு டைப் ஆயிருக்கு, உள்ளயே இருக்கு. புதன்கிழமை சாயங்காலமே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா, காலைல நான் நேரா கோர்ட்டுக்குப் போயிடுவேன்."

"எனக்குத் தெரியும். நீ எனக்குத் தேதி சொல்லித் தர வேண்டாம்."

சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று தோன்றியது. தோன்றி என்ன? வார்த்தை போயாகிவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் மித்ரா இரண்டு தரம் வந்து நின்றாள். காலையில் பார்க்கலாம் என்று பவுலின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டில் அவளுக்கு வேறு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. மாஜிஸ்ட்ரேட் முன்னால் தானே எழுந்து நின்று பேச வேண்டும். ஜாமீன் உத்தரவு வந்ததும் முத்தம்மா கூண்டிலிருந்து தன்னைப் பார்த்துக் கும்பிட வேண்டும். அந்தக் கும்பிடு மேடத்துக்குப் போடும் கும்பிடாக இருக்கக் கூடாது. மித்ரா அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி, கோர்ட்டில் கிழவிப் பட்டம் வாங்கப்போகிறவள், இதை நினைத்து நினைத்துப் புரண்டு படுத்தாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு மித்ரா ஃபைலிலிருந்து மனுவை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். மூன்றே பக்கம். பவுலின் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு படித்தாள். முதல் பக்கத்தில் பிழை இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. தேதிக் கணக்கு, கைதான நாள், ரிமாண்ட் ஆன நாள், எல்லாம் கச்சிதம். மூன்றாம் பக்கத்தைப் படித்து முடித்தபோது அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. ஒரு தப்பாவது பண்ணக் கூடாதா இந்தப் பெண்? அப்படியே கையெழுத்துப் போட்டால் இது மித்ராவின் மனு. தான் போடுவது அஞ்சல் முத்திரை.

இரண்டாம் பாராவை நாலாவதாகக் கொண்டுபோனாள். 'வேண்டுகிறார்' என்று ஆங்கிலத்தில் இருந்த இடங்களில் எல்லாம் முன்னால், பணிவோடு என்பதற்காக, ஒரு 'ஹம்ப்ளி' சேர்த்தாள். பழைய தீர்ப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. அதை எழுதினாள். தேவையே இல்லை, ஆனால் எழுதினாள். எழுத எழுதக் கை சூடுபிடித்துக்கொண்டது. மூன்று பக்கமும் சிவந்துபோய்விட்டன.

"சந்தானம், இத ஃப்ரெஷ்ஷா அடிச்சிடுங்க. மூணு காப்பி."

டைப்பிஸ்ட் சந்தானம் காகிதத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் மித்ராவைப் பார்த்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

"அங்க என்ன பார்வை? நான்தான சொல்றேன்?" என்றாள் பவுலின்.

சந்தானம் கார்பன் தாளைச் சொருகி உட்கார்ந்தார். மித்ரா அவள் மேஜைக்கு வந்து குனிந்து, தணிந்த குரலில் பேசினாள்.

"மேடம், மணி பத்தாகப் போவுது. கவுன்ட்டர் பத்தரைக்குத் தொறந்துடுவாங்க. பழசையே குடுத்துடலாம். திருத்தினத அப்புறம் சேத்துக்கலாம்."

"போலீஸ் என்னைக்கு மித்ரா பதினோரு மணிக்கு முன்னாடி வந்திருக்காங்க? மத்தியானம் சோறு தின்னுட்டுதான் வருவாங்க. பதினாலு வருஷமா பாக்கறேன்."

"இது கம்பெனிக்காரங்க பின்னாடியே நின்னு விரட்டற கேஸ் மேடம்."

"உனக்கு எம்மேல நம்பிக்கை இல்ல, அதான?"

மித்ரா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அவள் முகம் கருத்துப்போனதை பவுலின் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது நன்றாக இருந்தது.

சந்தானம் அவசரத்தில் இரண்டாம் பக்கத்தை ஒரு தடவை தப்பாக அடித்தார். கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப அடித்தார். பவுலின் கையெழுத்துப் போட்டபோது பத்து ஐம்பத்தைந்து. ஆட்டோ பிடித்து, கன்டோன்மென்ட் போக்குவரத்தில் மாட்டி, கோர்ட் வாசலில் இறங்கியபோது பதினொன்று இருபது. கோவிந்தப்பா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை, கக்கத்தில் வரி ரசீது வைத்த ரெக்ஸின் பை.

"ஏனம்மா, இஷ்டு லேட்?" என்றார், ஏன் இவ்வளவு தாமதம் என்று, பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக. "நான் பெளிகே ஒம்பது மணியிலிருந்து நிக்கறேன். போலீஸ்காரரு ஒருத்தர் கட்டு எடுத்துட்டு ஒளகே போனாரு."

பவுலின் ஓடினாள். புடவைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியதைக்கூடப் பார்க்கவில்லை. கவுன்ட்டரில் குமாஸ்தா அவள் மனுவை வாங்கி முத்திரை குத்தி நேரம் எழுதினார். பதினொன்று இருபத்தைந்து. அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டு கிடந்தது. அதன் மேல் முத்திரை இன்னும் ஈரமாக இருந்தது. பதினொன்று பத்து.

"இப்பத்தான் மேடம் சார்ஜ் ஷீட் குடுத்துட்டுப் போனாங்க" என்றார் குமாஸ்தா. அவருக்கு வருத்தம்தான். அவர் வருத்தப்பட்டு என்ன ஆகப்போகிறது?

பன்னிரண்டரை மணிக்கு கேஸ் கூப்பிட்டார்கள். தானே எழுந்து நின்று பேச வேண்டும் என்று ஆசைப்பட்டாளே, நின்றாள். பேசவும் பேசினாள். மாஜிஸ்ட்ரேட் இரண்டு முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நீங்க பத்தரைக்கு வந்திருந்தா நான் விட்டே ஆகணும். இப்ப என் கையில ஒண்ணும் இல்ல. மனு தள்ளுபடி" என்றார் ஆங்கிலத்தில்.

கூண்டில் நின்ற முத்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மாஜிஸ்ட்ரேட்டையும் பார்க்கவில்லை, பவுலினையும் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்திருந்த மித்ராவைத்தான் பார்த்தாள். மித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அதிலிருந்து முத்தம்மா தெரிந்துகொண்டாள். பெண் போலீஸ் வந்து கையைப் பிடித்தபோது அவள் ஒரு சத்தமும் போடாமல் கூடவே நடந்தாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் பவுலின் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மித்ரா கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வந்தாள். அவள் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை.

"பதினஞ்சு நிமிஷம் மேடம். 'ஹம்ப்ளி'ன்னு ஒரு வார்த்தைக்காக."

"என்ன பேசற நீ? நான் உன் சீனியர்."

"தெரியும். அதனாலதான் வாய மூடிட்டு உக்காந்திருந்தேன். அது என் தப்பு. வக்காலத்துல என் பேரும் இருக்கு. உங்க கையெழுத்து இல்லன்னா போகட்டும்னு பழைய மனுவ என் கையெழுத்துல எடுத்துட்டுப் போயிருக்கணும். வேலை போனா போயிருக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு பயந்தேன். அஞ்சு மாசமா பயந்துட்டுதான் இருக்கேன். நான் சிரிச்சா உங்களுக்குப் பிடிக்கல. நான் மனு எழுதினா பிடிக்கல. என்ன பண்ணணும்னு சொல்லுங்க, பண்ணிடறேன்."

நீ இல்லாமல் போ, அவ்வளவுதான் வேண்டும் என்று சொல்ல முடியுமா? பவுலின் ஒரு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல இருந்தாள். மித்ரா கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மித்ரா விடுப்புச் சீட்டு அனுப்பியிருந்தாள். செஷன்ஸ் கோர்ட்டில் புது ஜாமீன் மனு போட்டால் மூன்று வாரமாவது ஆகும் என்று பவுலின் கணக்குப் போட்டாள். அதற்குள் முத்தம்மாவின் பெண்ணுடைய பரீட்சையே முடிந்துவிடும். கோவிந்தப்பாவின் சம்சாரம் பெண்ணைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று சந்தானம் சொன்னார். சொன்னாரே தவிர, முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நடந்ததை யாரும் வெளியே பேசவும் இல்லை. வீட்டில் பவுலின் ராத்திரி ஜெபம் பண்ண உட்கார்ந்தாள். 'எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்' என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது.

சனிக்கிழமை அவள் மட்டும் பஸ் பிடித்து ஜெயிலுக்குப் போனாள். என்ன சொல்வது என்று வழி முழுக்கத் தயார் பண்ணினாள். சட்டத்தில் ஒரு சின்னச் சிக்கல் என்று ஆரம்பிக்கலாம். கோர்ட்டில் தாமதம் என்று சொல்லலாம். ஒன்றும் பொய்யில்லை.

முத்தம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"கும்பிட்றேங்க மேடம்."

"முத்தம்மா, அன்னைக்கு என்ன நடந்ததுன்னா..."

"தெரியுங்க மேடம். மித்ரா பாப்பா நேத்து வந்து எல்லாம் சொல்லிச்சு. எல்லாம் என் தப்புதான், நான்தான் காலைல நேரத்துக்குப் போய் மனுவக் குடுக்காம உட்டுட்டேன்னு சொல்லி அழுதுச்சு."

பவுலின் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"நான் சும்மா உடுவேனா? ஏசிட்டேன் மேடம். வாய்க்கு வந்ததெல்லாம் ஏசிட்டேன். எம் பொண்ணு தனியா கீறா, வயசுக்கு வந்த பொண்ணு, அத்த உட்டுட்டு நீ இன்னா சீவி சிங்காரிச்சிகினு இருந்தியாடின்னு கேட்டேன். உன்னப் போயி எம் பொண்ணு மாதிரி நெனச்சனே, வெளக்குமாறு எடுத்துதான் சாத்தணும்னேன். வார்டரம்மா வந்து அடக்கற அளவுக்கு ஆயிப்போச்சு. அது வாயத் தொறக்கலியே. நின்னுகினே இருந்துச்சு." முத்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே நீ எங் கேஸுக்கு வராதேன்னுட்டேன். நீங்களே பாத்துக்கங்க மேடம். நீங்கதான் பெரியவங்க. உங்கள உட்டா எனக்கு யாரு?"

உங்களை விட்டால் எனக்கு யார். பதினான்கு வருடம் காதில் விழாத வார்த்தை. சொல்லவே கூசுகிறது, ஆனால் அது பவுலினுக்கு இனித்தது. உச்சி குளிர்ந்துபோயிற்று. சரி முத்தம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். மித்ரா சொல்லமாட்டாள். சந்தானம் சொல்லமாட்டார். கோவிந்தப்பாவுக்கு உள்விவரம் தெரியாது. மூன்று வாரம் கழித்து ஜாமீன் வாங்கிக் கொடுத்தால், முத்தம்மா ஆயுசுக்கும் அவள் பெயரைச் சொல்லுவாள்.

வாயையும் திறந்துவிட்டாள். அப்போதுதான் சுருக்கென்று குத்தியது. இதுவும் மித்ரா கொடுத்ததுதானே? தான் ராப்பகலாக ஏங்கிக் கிடந்ததை, அந்தக் கரகரப்புக் குரல்காரி, போகிற போக்கில் எடுத்துத் தன் தட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவள் போட்டதைத் தின்று வயிறு வளர்க்க வேண்டுமா? அந்த நினைப்பைப் பவுலினால் பொறுக்க முடியவில்லை. நல்ல மனசு வந்து உண்மை பேசினாள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. நல்ல மனசுக்கு அங்கே இடமே இல்லை.

"அது மித்ராவோட தப்பு இல்ல முத்தம்மா."

"இன்னா மேடம்?"

"அவ ஒன்பது மணிக்கே மனுவ என் மேஜையில வச்சுட்டா. அதுல ஒரு குறையும் இல்ல. நான்தான் கையெழுத்துப் போடாம புடிச்சு வச்சேன். நீங்க எல்லாரும் அவளையே கேக்கறீங்கன்னு எனக்கு ஆத்திரம். அதனாலதான் கேஸையும் அவகிட்டேருந்து பிடுங்கினேன். நீங்க உள்ள இருக்கறதுக்கு நான்தான் காரணம்."

சொல்லி முடித்துவிட்டாள். கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெளக்குமாறு என்றாளே, அதைவிடக் கேவலமாக வரும். வரட்டும். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளலாம். வார்டர் அம்மாள் ஓடி வரட்டும்.

முத்தம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் வந்தது. பிறகு அது அடங்கி, முகம் சாத்தின கதவாகிவிட்டது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"சரிங்க மேடம்."

"முத்தம்மா, என்னைத் திட்டுங்க. நான் கேட்டுக்கறேன்."

"ஐயோ, உங்களப் போயி எப்பிடிங்க மேடம்?"

"மித்ராவ மட்டும் திட்டினீங்க?"

"அது எங்க பாப்பா, திட்டிட்டேன். நாளைக்கி வந்தா கையப் புடிச்சிகினு அழுவேன். அத்த ஒரு தடவ வரச் சொல்லுங்க, புண்ணியமா போவும்." முத்தம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். "உங்கள எனக்கு இன்னா தெரியும் மேடம்? தெரியாதவங்கள எப்பிடித் திட்றது?"

மணி அடித்தது. முத்தம்மா இன்னொரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனாள். அடுத்த ஆள் வந்து கம்பியைப் பிடிக்கும் வரைக்கும் பவுலின் அங்கேயே நின்றாள். மித்ரா வாங்கிய, தனக்குக் கிடைக்காத அந்தத் திட்டுக்காக அவளுக்கு வயிறு எரிந்தது.